எட்டு வருஷமும் ஒரு ராத்திரியும்

எங்கள் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒரு நண்பர் இருக்கிறார். பெயர் வேண்டாம். பத்திரிகையில் பெயர் வந்துவிட்டது என்று ட்ரீட் கேட்பார். மாதக் கடைசியில் எல்லோரும் கணக்கு டாலி ஆகவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் டிராயருக்குள் ஒரு சரித்திரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஔரங்கசீப்போடு இருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஸார், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?"

"ஏன்?"

"செஞ்சிக்கோட்டை போறோம். 2025 ஜூலைல யுனெஸ்கோவே உலகப் பாரம்பரியச் சின்னம்னு சொல்லிட்டான். மராட்டியர் கோட்டைங்க மொத்தம் பன்னெண்டு. பதினொண்ணு மகாராஷ்டிராவுல, ஒண்ணே ஒண்ணு நம்ம ஊர்ல. நாம இன்னும் பார்க்கலைன்னா மானக்கேடு ஸார்."

சரி என்று உடனே சொல்லிவிட்டேன். சரித்திர ஆர்வம் என்று நினைத்து அவர் சந்தோஷப்பட்டார். உண்மைக் காரணம் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையில் என் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்திரிகை தபாலில் வந்திருந்தது. போனில் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. அப்பா காலமானபின் ஊர் வீட்டை விற்றதில் எங்களுக்குள் ஒரு வாய்த்தகராறு. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. "அவனே கூப்பிடட்டும்" என்று நான் இருந்தேன். "அவனே வரட்டும்" என்று அவன் இருந்தான். அன்றைக்கு வீட்டில் இருந்தால் அம்மா போன் மேல் போன் போடுவாள். கோட்டைக்குப் போய்விட்டால் டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

விடியற்காலையில் கிளம்பினோம். கிளாம்பாக்கம் போய்ச் சேருவதற்குள் பாதிச் சக்தி போய்விட்டது. அங்கிருந்து திருவண்ணாமலை பஸ். செஞ்சி வழியாகத்தான் அது போகும். கண்டக்டர், "திருவண்ணாமலையா?" என்று கேட்டபோது ஏனோ எனக்குச் சுருக்கென்றது. "இல்லீங்க, செஞ்சி ரெண்டு" என்றேன்.

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச நேரம் போனதும் நிலத்தின் முகமே மாறுகிறது. யாரோ லாரி லாரியாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, அடுக்குவதற்குள் சாப்பிடப் போன மாதிரிக் குன்றுகள். ஊர் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர். நாம் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதே கோட்டைக்குள்தான் என்று புரிய ஒரு நிமிஷம் ஆகிறது.

மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றுக்கும் தனித்தனிக் கோட்டை. மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்து வெளியே ஒரு பெரிய மதில், அகழி. ராஜகிரி மட்டும் சமவெளியிலிருந்து சுமார் 800 அடி. வாசலில் டிக்கெட் கொடுத்தவர் என்னை ஒருமுறை, என் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "மேலேயா போறீங்க?" என்றார். இந்த நாட்டில் யாருக்கும் நம்பிக்கையே இல்லை.

படிகளை எண்ண ஆரம்பித்தேன். நூற்றிருபதில் விட்டுவிட்டேன். என் தண்ணீர் பாட்டிலை ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போயிற்று. 'வாங்கிக்கொண்டு' என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒரு திருப்பத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன்.

"இப்ப புரியுதா ஸார், மலைக்கோட்டை எதுக்குன்னு?" என்றார் நண்பர். அவருக்கு மூச்சே வாங்கவில்லை. "நீங்க கையில எதுவும் இல்லாம ஏறறீங்க. மேலேருந்து யாரும் கல்லு உருட்டலை. அப்பவே இந்த கதி. கவசம், வாள், ஏணி எல்லாம் சுமந்துக்கிட்டு, மேலே இருக்கிறவன் சுட்டுக்கிட்டே இருக்கான்னு வெச்சுக்குங்க!"

வைத்துக்கொண்டேன். அங்கேயே சரணடைந்திருப்பேன்.

அவர் சொன்னதையும், நான் அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். சமவெளிக் கோட்டையைப் பிடிக்க அந்தக் காலத்தில் மூன்று வழி. பீரங்கியைக் கிட்டே கொண்டுவந்து சுவரை உடைப்பது. சுவருக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைப்பது. சுற்றி வளைத்துப் பட்டினி போடுவது. மலைக்கோட்டையில் முதல் இரண்டும் லேசில் நடக்காது. பீரங்கியை 800 அடி ஏற்ற முடியாது. கீழே இருந்து சுட்டால் குண்டு பாறையில் பட்டு விழும். சுரங்கம் தோண்டலாம் என்றால் அடியில் இருப்பது கருங்கல். மிச்சம் இருப்பது பட்டினி. அதற்குத்தான் மேலே தானியக் களஞ்சியம், சுனை, குளம். செஞ்சியில் இவை எல்லாமே இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. "இது எதுக்கு, விட்டுட்டுப் போயிடலாம்" என்று எதிரி இந்தக் கோட்டையைத் தாண்டிப் போக முடியாது. போனால் உள்ளே இருப்பவன் ராத்திரியில் இறங்கி வந்து, பின்னால் வருகிற தானிய வண்டிகளை மறிப்பான். பிடிக்கவும் முடியாது, விட்டுப்போகவும் முடியாது. தொண்டையில் மீன் முள் மாதிரி.

1677-ல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது இந்தக் கோட்டையை பீஜப்பூர்க்காரர்களிடமிருந்து பிடித்தார். பிடித்ததோடு விடாமல் நிறையச் செலவு பண்ணிப் பலப்படுத்தினார். அவருடைய ராஜ்யம் எங்கேயோ சஹ்யாத்ரி மலையில். இங்கே எதற்கு இவ்வளவு செலவு என்று அவருடைய அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் யாராவது நிச்சயம் முனகியிருப்பார்கள். மூன்றே வருஷத்தில், 1680-ல், சிவாஜி காலமாகிவிட்டார்.

பலன் அதற்கப்புறம்தான் தெரிந்தது. 1689-ல் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் பிடித்துக் கொன்றுவிட்டார். அதே வருஷம் தலைநகர் ராய்கட்டும் போயிற்று. சம்பாஜியின் மனைவியும் சின்னப் பையனும் மொகலாயர் கையில். மராட்டிய ராஜ்யம் அதோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம். வயது பத்தொன்பது. மாறுவேஷத்தில் தப்பி, கர்நாடகம் வழியாக நூற்றுக்கணக்கான மைல் கடந்து, 1689 நவம்பரில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அப்பா போட்டுவைத்த ஃபிக்சட் டெபாசிட் என்று சொல்லலாம்.

அதாவது, மராட்டிய ராஜ்யத்தின் தலைநகர் எட்டு வருஷம் நம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்கூலில் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்ன அன்றைக்கு நான் கிரிக்கெட் ஆடப் போயிருக்க வேண்டும்.

ராஜாராமுக்குக் கோட்டை இருந்தது. கையில் காசு இல்லை. 1690-ல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றார்கள். அந்த விற்பனைப் பத்திரத்தில் எல்லை குறித்த விதம்தான் அற்புதம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம்! கம்பெனிக்காரன் விடுவானா? நல்ல பீரங்கியாகப் பார்த்து, நல்ல ஆளை வைத்துச் சுட்டான். கடலூர்ப் பக்கம் குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் குண்டுதான் இது. ரியல் எஸ்டேட்காரர்களுக்கு இந்த முறை இன்னும் தெரியாமல் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் பெரிய சேனையோடு வந்து செஞ்சியை வளைத்தார். வளைத்தார் என்றா சொன்னேன்? மூன்று மலை, அவற்றைச் சுற்றி மைல் கணக்கில் மதில். முழுசாக வளைப்பதற்கே ஆள் போதவில்லை. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் உள்ளே அரிசி போகும். மொகலாய முகாமோ ஒரு நடமாடும் நகரம். சிப்பாய், குதிரை, மாடு, கூடவே கடைகண்ணி. இத்தனை வாய்க்கும் தினமும் சாப்பாடு வெளியிலிருந்து வர வேண்டும். அங்கேதான் மராட்டியர்கள் கை வைத்தார்கள்.

சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்று இரண்டு தளபதிகள். இவர்கள் கோட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கவில்லை. வெளியே குதிரைப்படையோடு சுற்றி, வருகிற தானியத்தையெல்லாம் மறித்தார்கள். 1692 கடைசியில் காஞ்சிபுரம் வட்டாரத்து மொகலாய அதிகாரி அலி மர்தான் கானையே சந்தாஜி சிறைபிடித்துவிட்டார். செஞ்சியை முற்றுகையிட்டவர்களை இவர்கள் முற்றுகையிட்டார்கள். மொகலாய முகாமில் பஞ்சம். போதாததற்கு, கூட வந்திருந்த ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷ், எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சந்தேகம். தளபதியே இளவரசரைக் காவலில் வைத்தார். கடைசியில் முற்றுகையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடி பணம் தீர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கப்பம் வசூலித்துக்கொண்டு திரும்ப வந்தார்கள்.

1698 தொடக்கத்தில் ஒருவழியாகக் கோட்டை விழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ராஜாராம் இல்லை! முன்கூட்டியே வேலூருக்குத் தப்பி, அங்கிருந்து மகாராஷ்டிரம் போய்விட்டார். தளபதியே கண்ணைச் சிமிட்டி அனுப்பிவைத்தார் என்று அப்போதே பேச்சு இருந்தது. ஔரங்கசீப் தக்காணத்திலேயே கிடந்து 1707-ல் காலமானார். மராட்டியர் காலமாகவில்லை. பின்னாளில் டெல்லி வரைக்கும் போனார்கள்.

"அப்ப செஞ்சி ஜெயிச்சுதா, தோத்துதா ஸார்?" என்றார் நண்பர்.

"தோத்தது. கோட்டைதான் போயிடுச்சே!"

"கோட்டை போச்சு. ஆனா எட்டு வருஷம் கெடைச்சுதே. அந்த எட்டு வருஷத்துல சிதறிப் போனவங்க ஒண்ணு சேர்ந்தாங்க. கோட்டை யுத்தத்தை ஜெயிச்சுக் குடுக்காது ஸார். டைம் வாங்கிக் குடுக்கும். அவ்வளவுதான் அதோட வேலை."

உச்சிக்குக் கிட்டத்தில் வந்திருந்தோம். அங்கே மலையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். குறுக்கே ஒரு சின்னப் பாலம். யுத்த காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. நாலு பேர் நின்றால் ஒரு சேனையை நிறுத்தலாம். பாலத்தில் நடுவே நின்று கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மேலே பழைய பீரங்கி ஒன்று, தானியக் களஞ்சியம், ரங்கநாதர் கோயில். காற்று அப்படியே தூக்குகிறது. நாலு திக்கும் தெரிகிறது. ஒரு தூசிப்படலம் கிளம்பினால்கூட மணிக்கணக்கில் முன்னாலேயே தெரிந்துவிடும். "இதை எவன் பிடிக்க முடியும்?" என்றேன்.

"ஒரே ராத்திரில பிடிச்சான் ஸார்" என்றார் நண்பர், டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே.

1750 செப்டம்பர். பாண்டிச்சேரியில் டூப்ளே. அவருடைய ஆள் புஸ்ஸி. சில நாள் முன்னால் திருவதிகைப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்றோடிய முகம்மது அலியின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் செஞ்சியில் வந்து பதுங்கியிருந்தார்கள். சில நூறு ஐரோப்பியர்கள், அவர்களோடு கொஞ்சம் நாட்டுச் சிப்பாய்கள், சின்னச் சின்னப் பீரங்கிகள். புஸ்ஸியிடம் இவ்வளவுதான் இருந்தது. 11-ம் தேதி வெளியே ஒரு சண்டை. தோற்றவர்கள் கோட்டைக்குள் ஓட, இவர்கள் பின்னாலேயே வந்து கீழ் வாசலை வெடிவைத்துத் திறந்தார்கள். அன்று ராத்திரி, நிலா மறைந்ததும், மூன்று மலைகள் மேலும் ஒரே சமயத்தில் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது மூன்றிலும் அவர்கள் கொடி. வெளிச்சத்தில் தாங்கள் ஏறிவந்த இடத்தைப் பார்த்து அவர்களே அசந்துபோனார்களாம்.

அதே மலை. அதே சுவர். அதே பிளவு. ஔரங்கசீப் சேனைக்கு எட்டு வருஷம், புஸ்ஸிக்கு ஒரு ராத்திரி.

என்ன வித்தியாசம்? ராஜாராமின் ஆட்கள் கோட்டையை நம்பி உட்காரவில்லை. கிடைத்த நேரத்தில் வேலை பார்த்தார்கள். வெளியே அவர்களுக்கு ஒரு படை இருந்தது. 1750-ல் உள்ளே இருந்தவர்கள் தோற்று ஓடி வந்தவர்கள். வெளியே உதவிக்கு யாரும் இல்லை. "இவ்வளவு உயரம், எவன் வருவான்?" என்று நினைத்திருக்க வேண்டும்.

1752-ல் இங்கிலீஷ்காரர்கள் மேஜர் கின்னீர் தலைமையில் வந்தார்கள். உள்ளே பிரெஞ்சுக்காரர்கள் விழித்துக்கொண்டிருந்தார்கள். கின்னீர் கோட்டையைப் பார்த்தார். திரும்பினார். திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் உதையும் வாங்கினார். பொங்கல் லீவில் நாம் டோல்கேட்டில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறோமே, அதே விக்கிரவாண்டி.

1761 ஜனவரியில் பாண்டிச்சேரியே விழுந்த பிறகும் செஞ்சி மட்டும் நின்றது. உள்ளே பிரெஞ்சுக்காரர்களுக்காகக் காவல் இருந்த மக்கிரிகர் என்ற அதிகாரி, ஒரு லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருஷத்துக்குப் பிடிக்க முடியாது என்று சொல்லி அனுப்பினாராம். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் யாருக்காகப் பிடித்துவைத்திருப்பது? காப்பாற்ற வர வேண்டிய பாண்டிச்சேரியே இல்லை. தண்ணீரும் சீதோஷ்ணமும் ஒத்துக்கொள்ளாமல் உள்ளே நோய் வேறு. ஏப்ரல் 5-ம் தேதி சரணடைந்தார்.

உயரத்தின் மதிப்பு இன்னும் போய்விடவில்லை. 1999-ல் கார்கிலில் அதைத்தானே பார்த்தோம்? கோட்டைகூட இல்லை, வெறும் சிகரங்கள். மேலே ஏறி உட்கார்ந்தவர்களுக்கு ஸ்ரீநகரிலிருந்து லே போகிற ரோடு காலடியில். அவர்களை அகற்ற நம் ஜவான்கள் தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் ராத்திரியில் செங்குத்தாக ஏறினார்கள். எத்தனை உயிர்! ஒரு செஞ்சிப் படிக்கட்டுக்கே நாக்குத் தள்ளிய எனக்கு அன்றைக்குத்தான் அந்தச் செய்திகளின் அர்த்தம் முழுசாகப் புரிந்தது.

"தேசிங்கு ராஜாவை விட்டுட்டீங்களே?" என்றேன், எலுமிச்சை சாதத்தை விழுங்கிக்கொண்டே. செஞ்சி என்றால் எனக்குத் தெரிந்தது அவர் ஒருவர்தான்.

"அவர் கோட்டையை விட்டு வெளியே வந்தவர் ஸார். 1714. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கப்பம் பாக்கின்னு பெரிய படையோட வந்தாரு. இவருக்கு இருபத்திரண்டு வயசு. சில நூறு குதிரைகளோட வெட்ட வெளியில மோதினாரு. ஒரே நாள்ல முடிஞ்சுபோச்சு. எட்டு வருஷம் தாக்குப்பிடிச்ச ராஜாராமை இங்கே யாருக்கும் தெரியாது. ஒரு நாள்ல செத்துப்போன தேசிங்குக்குக் கதைப்பாட்டே இருக்கு!"

அவர் சொல்லிக்கொண்டே போனார். என் மனசு வேறு எங்கேயோ போய்விட்டது.

மூன்று வருஷம். நானும் ஒரு கோட்டையில்தான் இருந்தேன். தானியம் ரெடி, தண்ணீர் ரெடி, பாலத்தை எடுத்தாயிற்று. அண்ணன் எப்படிச் சுட்டாலும் மேலே வராது. அம்மா இரண்டு பக்கமும் தூது போய்ப் போய்க் களைத்துவிட்டாள். சரி, கோட்டை நேரம் வாங்கிக் கொடுத்தது. அந்த மூன்று வருஷத்தில் நான் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். யாருக்காகப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று மக்கிரிகரைக் கேட்ட கேள்வியை என்னையே கேட்டால் பதில் இல்லை. ஊர் வீடும் இல்லை, அப்பாவும் இல்லை.

இதையெல்லாம் ஏதோ ஞானோதயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எலுமிச்சை சாதம் தீர்ந்திருந்தது, வெயில் சாய ஆரம்பித்திருந்தது, எனக்கு ஒரு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மொபைலை எடுத்துப் பார்த்தேன். டவர் கிடைக்காது என்று நினைத்து வந்த இடத்தில் நாலு கோடும் முழுசாக இருந்தது. 800 அடி உயரம் அல்லவா!

மூன்றாவது ரிங்கில் எடுத்தான். பின்னால் ஒரே கூட்டச் சத்தம், பாத்திரச் சத்தம்.

"யாரு?" என்றான். என் நம்பர் அவனிடம் இல்லையோ, அல்லது இருந்தும் கேட்டானோ, தெரியாது.

"நான்தான்ணா."

கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னடா இப்படி மூச்சு வாங்குது? எங்கே இருக்கே?"

"செஞ்சியில. மலை மேல."

"மலை மேலயா? அங்கே என்னடா பண்றே?"

என்ன சொல்வது? மூன்று வருஷமாக என்ன பண்ணினேனோ அதைத்தான். "சும்மா, கோட்டை பார்க்க வந்தேன்" என்றேன்.

"பார்த்தாச்சில்ல? முதல்ல கீழே இறங்கு. இருட்டறதுக்குள்ள பஸ் பிடிச்சு வா. ராத்திரி சாப்பாடு இங்கேதான். அம்மாகிட்ட சொல்லிடறேன்."

இறங்கும்போது முழங்கால் இரண்டும் கழன்றுவிடும் போல இருந்தது. ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் நண்பர் சென்னை பஸ்ஸுக்கு ஓடினார். நான் நகராததைப் பார்த்துத் திரும்பி, "ஸார், நம்ம பஸ் இந்தப் பக்கம்!" என்று கத்தினார்.

"நீங்க போங்க. நாளைக்கு எனக்கு ஒரு லீவு சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினேன்.